முச்சுருள் கண்ட ஜி. என். இராமச்சந்திரன்

நுழையும்முன்

உயிருள்ள ஒவ்வோர் உடலும் புரதங்களால் இயங்குகிறது. தோலின் உறுதி, குருதியின் சிவப்பு, செரிமானத்தின் விரைவு ஆகிய அனைத்திற்கும் பின்னால் ஏதேனும் ஒரு புரதம் உள்ளது. நோய் பரப்பும் வைரஸும் புரதங்களைக் கொண்டே உயிரணுவுக்குள் நுழைகிறது. கண்ணுக்குப் புலப்படாத இப்புரதங்கள் எவ்வடிவில் மடங்கியிருக்கின்றன என்பதை அறிந்தாலன்றி அவற்றின் செயலை அறிய இயலாது. அவ்வடிவங்களுக்கு உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட ஓர் இலக்கணத்தை வகுத்தவர் சென்னையில் வாழ்ந்த ஓர் அறிவியலாளர். செல்வமும் கருவிகளும் மிகுந்த மேலைநாட்டு ஆய்வகங்களுக்கு இணையாகக் கிண்டியில் இருந்தவாறே சாதனை படைத்த ஜி. என். இராமச்சந்திரனின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். பெற்றோர் நாராயண ஐயர், இலட்சுமி அம்மாள். பெயருக்கு முன்னுள்ள முதலெழுத்து, கோபாலசமுத்திரம் என்னும் ஊரைக் குறிப்பது. தந்தையார் எர்ணாகுளம் மகாராசா கல்லூரியில் கணிதப் பேராசிரியராகவும் முதல்வராகவும் பணியாற்றியவர். கணிதம் அவ்வீட்டில் பாடமாக இல்லாமல் நாள்தோறும் புழங்கும் பேச்சாகவே இருந்தது. தந்தை தரும் கணக்குகளை விடுவிப்பதில் சிறுவன் இன்பம் கண்டான். எந்தப் பொருளையும் கணக்கின் கண்கொண்டு நோக்கும் பழக்கம் அந்நாளிலேயே அவரிடம் வேரூன்றியது.

1939இல் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வில் முதலிடம் பெற்றுத் தேறினார். மகன் அரசின் உயர்பணி ஒன்றில் அமர வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அதன்படி இரயில்வேப் பொறியியல் பணிக்கான தேர்வை எழுதத் தில்லிக்கு அனுப்பப்பட்டார். மைந்தரின் உள்ளமோ ஆராய்ச்சியை நாடியது. வெற்றி பெற்றுவிடக் கூடாது என்னும் எண்ணத்துடனேயே அத்தேர்வை அவர் எழுதினார் என்பர். உறுதியான ஊதியமும் உயர்பதவியும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தபோது, பயன் தெரியாத பாதையை அவர் தேர்ந்துகொண்டார்.

இராமனின் மாணவர்

1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மின்பொறியியல் துறையில் இராமச்சந்திரன் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறையின் தலைவராக விளங்கியவர் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன். இயற்பியலின்பால் தமக்கிருந்த நாட்டத்தை இராமச்சந்திரன் அவரிடம் தெரிவித்தார். மாணவரின் கூர்மையை உடனே உணர்ந்துகொண்ட இராமன், மின்பொறியியல் துறைத் தலைவரிடம் சென்று, இம்மாணவர் அத்துறைக்கு வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலான அறிவுடையவர் என்று நகைச்சுவையாகக் கூறித் தம் துறைக்கு அழைத்துக்கொண்டாராம். அந்தத் துறைமாற்றம் இந்திய அறிவியலின் போக்கையே மாற்றியது.

இராமனின் வழிகாட்டுதலில் ஒளியியலையும் படிகவியலையும் கற்றார். படிகங்களின் மீது ஊடுகதிரைச் செலுத்தி, அது சிதறும் பாங்கைக் கொண்டு அணுக்களின் அமைப்பைக் கணிப்பது படிகவியல். 1945இல் இராஜலட்சுமியை மணந்தார். 1947இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்று, அவ்வாண்டே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்குள்ள காவெண்டிஷ் ஆய்வகத்தில் வூஸ்டர் என்னும் அறிஞரிடம் ஆய்வு செய்து 1949இல் மற்றுமொரு முனைவர் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. பெரிய மூலக்கூறுகளின் வடிவத்தை மாதிரிகள் கட்டி ஆராயும் பாலிங்கின் முறை அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

கிண்டியில் ஓர் ஆய்வகம்

இந்தியா திரும்பிய இராமச்சந்திரன் பெங்களூருவில் சில ஆண்டுகள் பணியாற்றினார். அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். புதிதாகத் தொடங்கப்பெறும் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்குமாறு அவர் இராமனை வேண்டினார். இராமன் தம் மாணவரின் பெயரைப் பரிந்துரைத்தார். முப்பது வயதை எட்டும் பருவத்தில், 1952இல், இராமச்சந்திரன் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் பொறுப்பேற்றார்.

துறை கிண்டியில் அமைந்தது. நாடு விடுதலை பெற்று ஐந்தாண்டுகளே கடந்திருந்தன. ஆய்வுக்கருவி ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதே பெரும்பாடு. கேம்பிரிட்ஜின் வசதிகளைக் கண்டு பழகியவர், இங்கே ஊடுகதிர் ஆய்வகம் ஒன்றைத் தொடக்கத்திலிருந்து அமைக்க வேண்டியிருந்தது. இல்லாதவற்றை எண்ணி அவர் சோர்ந்திருக்கவில்லை. இருப்பவற்றைக் கொண்டு எந்தப் புதிரை விடுவிக்கலாம் என்று தேடினார்.

அத்தகைய வேளையில் ஜே. டி. பெர்னால் என்னும் ஆங்கிலேய அறிவியலாளர் சென்னைக்கு வருகை தந்தார். எந்தப் புரதத்தை ஆராயலாம் என்ற உரையாடலின்போது, கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவுபடவில்லை என்பதை அவர் சுட்டிக்காட்டினார். இராமச்சந்திரன் அதையே தம் ஆய்வுப்பொருளாகக் கொண்டார்.

தோலுக்குள் மறைந்திருந்த புதிர்

கொலாஜன் நம் உடலில் மிகுதியாகக் காணப்படும் புரதம். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றுக்கு உறுதி தருவது இதுவே. தோல் பதனிடும் தொழிலும் இப்புரதத்தையே அடிப்படையாகக் கொண்டது. சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், கிண்டிக்கு அருகிலேயே இருந்தது. அந்நிறுவனத்தின் உதவியால் கங்காரு வாலின் தசைநாண் ஆய்வுக்குக் கிடைத்தது. ஊடுகதிர்ப் படம் தெளிவாக விழுவதற்கு அது ஏற்றதாக இருந்தது.

இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் ஆய்வைத் தொடங்கினர். ஊடுகதிர்ப் படம் மட்டும் முழு விடையைத் தந்துவிடாது. அது ஒரு நிழலைப் போன்றது. நிழலைக் கொண்டு பொருளை ஊகிக்க வேண்டும். அவர்களுக்குக் கைகொடுத்தது ஒரு வேதியியல் உண்மை. புரதங்கள் அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகள். கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது கிளைசின்தான். மூன்றில் ஒன்று என்னும் இக்கணக்கு தற்செயலானதாக இருக்க முடியாது என்று இராமச்சந்திரன் கருதினார். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் அமைந்திருக்க வேண்டும். அவ்விடத்தில் வேறொன்று நுழைய இடமில்லாத அளவுக்கு நெருக்கம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அவ்வாறாயின் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. அவற்றின் நடுவே கிளைசின்கள் அடங்கியிருக்கின்றன.

இக்கருத்தின்படி கட்டப்பட்ட மாதிரி 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நேச்சர் என்னும் உலகப்புகழ் பெற்ற அறிவியல் இதழில் வெளிவந்தது. தொடர்ந்து கிடைத்த சான்றுகள் அம்மாதிரியில் ஒரு திருத்தம் தேவை என்பதைக் காட்டின. மூன்று சங்கிலிகளும் வெறுமனே இணையாக நிற்கவில்லை. கயிற்றின் மூன்று புரிகளைப் போல ஒன்றையொன்று மெல்லச் சுற்றிக்கொண்டே செல்கின்றன. நிலவு புவியைச் சுற்றி வரும்போது எப்போதும் தன் ஒரு முகத்தையே புவிக்குக் காட்டுகிறது. அதைப் போலவே சங்கிலி சுற்றிச் செல்லும்போதும் கிளைசின் எப்போதும் நடுவையே நோக்கியிருக்கிறது. இவ்வுவமையே புதிய சிந்தனைக்குத் தூண்டுகோலாயிற்று என்பர். திருத்திய மாதிரி 1955ஆம் ஆண்டு செப்டம்பரில் அதே இதழில் வெளியாயிற்று. இதுவே முச்சுருள் அமைப்பு.

தெரியுமா?

கயிறு திரிப்போர் ஒவ்வொரு புரியையும் ஒரு புறமாகவும், புரிகளைச் சேர்த்து முறுக்கும்போது எதிர்ப்புறமாகவும் முறுக்குவர். அதனால் கயிறு எளிதில் பிரியாது. கொலாஜனின் தனிச்சங்கிலி இடப்புறமாகவும், மூன்றும் சேர்ந்த முச்சுருள் வலப்புறமாகவும் முறுக்குண்டிருக்கின்றன. நம் தசைநாண்களின் வலிமைக்கு இவ்வமைப்பு ஒரு காரணம்.

எதிர்ப்பும் விடையும்

முச்சுருள் அமைப்பு வெளிவந்த 1955ஆம் ஆண்டிலேயே கேம்பிரிட்ஜிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. டி.என்.ஏ.வின் இரட்டைச்சுருளைக் கண்டறிந்த இருவருள் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும் கொலாஜன் குறித்துத் தம் கட்டுரையை வெளியிட்டனர். மூன்று சங்கிலிகள் என்னும் அடிப்படையை அவர்களும் ஏற்றனர். ஆயினும் சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றும், சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டாக அன்றி ஒன்றாகவே இருக்க இயலும் என்றும் அவர்கள் வாதிட்டனர்.

உலகின் முன்னணி ஆய்வகத்திலிருந்து வந்த மறுப்பு அது. அண்மையில் தோன்றிய ஒரு துறை, தன் முதற்கண்டுபிடிப்பின்மீதே இத்தகைய ஐயம் எழுப்பப்பட்டால் துவண்டுவிடக் கூடும். இராமச்சந்திரன் துவளவில்லை, சினங்கொண்டு சொற்போரில் இறங்கவுமில்லை. மறுப்பின் உள்ளே ஒளிந்திருந்த அடிப்படை வினாவைக் கண்டெடுத்தார். இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கி வர இயலும்? அவ்வெல்லையை வகுத்தவர் யார்? எதைக் கொண்டு வகுத்தனர்?

அதுவரை வெளியாகியிருந்த படிக அமைப்புகளைத் தேடித் தொகுத்து, அவற்றில் அணுக்களுக்கு இடையேயுள்ள தொலைவுகளைத் தம் மாணவர்களுடன் சேர்ந்து அட்டவணைப்படுத்தினார். வழக்கமாகக் காணப்படும் எல்லை ஒன்று, அரிதாகக் காணப்படும் இறுதி எல்லை ஒன்று என இரண்டு வரம்புகள் கிடைத்தன. மறுப்பாளர்கள் கருதியதைவிட நெருக்கமாகவும் அணுக்கள் நிற்க முடியும் என்பதற்கு இயற்கையே சான்று அளித்தது.

பிற்காலத்தில் நுண்ணிய ஆய்வுகள், கொலாஜனின் மூன்று அமினோ அமிலங்களுக்கு நேரடியான ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றே உள்ளது என்பதை உறுதிப்படுத்தின. அந்நுட்பத்தில் கிரிக், ரிச் ஆகியோரின் கருத்து நிலைத்தது. மூன்று சங்கிலிகள் முறுக்கிய சுருள் என்னும் அடிப்படை அமைப்போ சென்னை ஆய்வாளர்கள் வகுத்தவாறே நிலைபெற்றது. அறிவியலில் ஒரு மறுப்பு, ஒருவரை வீழ்த்துவதற்காக மட்டும் வருவதன்று. அது அடுத்த கண்டுபிடிப்பின் வாயிலாகவும் அமையலாம். இராமச்சந்திரனின் வாழ்வில் அவ்வாறே அமைந்தது.

எல்லை காட்டும் வரைபடம்

அணுக்களின் நெருக்கத்திற்கு எல்லை கிடைத்தபின், அடுத்த வினா எழுந்தது. கொலாஜன் மட்டுமன்றி எந்தப் புரதமாயினும், அதன் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம். எப்படியெல்லாம் மடங்க முடியாது?

இதனைப் புரிந்துகொள்ள ஓர் எளிய காட்சியை எண்ணிப் பார்ப்போம். இரண்டு அஞ்சலட்டைகளை ஒரு மணியின் இருபுறமும் மூலையில் கோத்துக்கொள்வோம். மணி, கார்பன் அணு ஒன்றைக் குறிக்கும். அட்டைகள், அதன் இருபுறமும் உள்ள தட்டையான பெப்டைடு பகுதிகளைக் குறிக்கும். ஒவ்வோர் அட்டையையும் மணியை ஒட்டித் திருப்பலாம். சில நிலைகளில் அட்டைகள் தடையின்றி நிற்கும். வேறு சில நிலைகளில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். புரதச் சங்கிலி முழுவதும் இத்தகைய அட்டைகளின் தொடரே. ஒவ்வொரு மணியிலும் இரண்டு திருப்புக்கோணங்கள் உள்ளன. அவற்றைக் கிரேக்க எழுத்துகளால் பை, சை என அழைப்பர்.

இராமச்சந்திரனும் அவருடைய மாணவர்கள் வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோரும் இவ்விரு கோணங்களின் பல்வேறு இணைகளையும் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டனர். கணினி எளிதில் கிட்டாத காலம் அது. மேசைமீது வைத்து இயக்கும் கணக்கிடும் பொறியே துணை. ஒவ்வொரு நிலையிலும் எந்த அணு எந்த அணுவை எவ்வளவு நெருங்குகிறது என்று கண்டு, தாம் வகுத்த எல்லையுடன் ஒப்பிட்டனர். முடிவை ஒரு சதுரக் கட்டத்தில் குறித்தனர். கிடைத்த படம் வியப்பளித்தது. கட்டத்தின் பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட நிலமாக இருந்தது. சிற்சில தீவுகள் மட்டுமே அனுமதிக்கப்பட்ட பகுதிகளாக எஞ்சின. பாலிங் கண்டறிந்த ஆல்பா சுருள் ஒரு தீவிலும், பீட்டா இழைத்தாள் மற்றொரு தீவிலும் அமைந்தன. எண்ணற்ற வடிவங்களில் மடங்கலாம் எனத் தோன்றிய புரதச் சங்கிலிக்கு இயற்கை மிகக் குறுகிய உரிமையையே அளித்திருந்தது.

1963இல் வெளிவந்த இக்கண்டுபிடிப்பு இன்று இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகெங்கும் வழங்குகிறது. உயிர்வேதியியல் பாடநூல்கள் அனைத்திலும் அதற்கு இடமுண்டு. ஒரு செய்யுள் யாப்பிலக்கணத்திற்குப் பொருந்துகிறதா என்று ஆசிரியர் சீரையும் தளையையும் கொண்டு அலகிட்டுப் பார்ப்பது போல, ஒரு புரத அமைப்பு சரியானதா என்று அறிவியலாளர்கள் இவ்வரைபடத்தைக் கொண்டு அலகிட்டுப் பார்க்கின்றனர்.

காந்தமும் வைரஸும்

இராமச்சந்திரன் பயன்படுத்திய ஊடுகதிர் முறைக்குப் படிகமோ ஒழுங்கான இழையோ தேவை. எல்லாப் புரதங்களும் எளிதில் படிகமாவதில்லை. உயிரணுவையும் வைரஸையும் சூழ்ந்திருக்கும் கொழுப்புச் சவ்வினுள் பொதிந்த புரதங்கள் இதில் மிகவும் கடினமானவை. சவ்விலிருந்து பிரித்தால் அவை தம் வடிவத்தையே இழந்துவிடக் கூடும். இத்தகைய புரதங்களை ஆராயப் பயன்படுவது அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல். வலிமை மிக்க காந்தப்புலத்தில் பொருளை வைத்து வானொலி அலைகளைச் செலுத்தினால், ஹைட்ரஜன் முதலிய சில அணுக்கருக்கள் தத்தமக்குரிய அதிர்வெண்ணில் ஒத்திசைகின்றன. அண்டை அணுக்களுக்கு ஏற்ப அவ்வதிர்வெண் சற்றே மாறுபடும். அம்மாறுபாடுகளைக் கொண்டு அணுக்களின் தொலைவுகளையும் திருப்புக்கோணங்களையும் கணிக்கலாம்.

இன்ஃபுளுவென்சா வைரஸின் சவ்வில் எம்2 என்னும் சிறு புரதம் உள்ளது. 97 அமினோ அமிலங்கள் கொண்ட நான்கு சங்கிலிகள் சேர்ந்து ஒரு நுண்ணிய வாய்க்காலை அமைக்கின்றன. அதன் வழியே புரோட்டான்கள் உட்செல்லும்போதுதான் வைரஸ் தன் மரபுப்பொருளை உயிரணுவுக்குள் விடுவிக்கிறது. கொரோனா பெருந்தொற்றை விளைவித்த வைரஸின் உறையில் 75 அமினோ அமிலங்கள் கொண்ட மற்றொரு சிறு புரதம் உள்ளது. அதன் சவ்வூடு பகுதி ஐந்து சுருள்களின் கட்டாக அமைந்திருப்பதை 2020இல் காந்த ஒத்ததிர்வு முறையால் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வாய்க்காலின் வடிவம் தெரிந்தால் அதை அடைக்கும் மருந்தைத் தேடலாம்.

இவ்வாறு எம்முறையால் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கணித்தாலும், அதன் கோணங்கள் இராமச்சந்திரன் வரைபடத்தில் எங்கே விழுகின்றன என்று பார்ப்பது வழக்கம். தடைசெய்யப்பட்ட பகுதியில் பல புள்ளிகள் விழுந்தால், கணிப்பில் பிழை உண்டோ என்று மீண்டும் ஆராய்வர். கிண்டியில் கணக்கிடும் பொறியால் வரையப்பட்ட எல்லைகள், அவர் காணாத கருவிகளுக்கும் அவர் அறியாத நோய்களுக்கும் இன்று உரைகல்லாக விளங்குகின்றன.

தெரிந்து தெளிவோம்

காந்த ஒத்ததிர்வு ஆய்வு இந்தியாவிலும் தொடக்கக் காலத்திலேயே வேரூன்றியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜி. சூர்யன், ஓடும் நீர்மங்களில் காந்த ஒத்ததிர்வு குறித்த தம் ஆய்வை 1951இல் வெளியிட்டார்.

உடலுக்குள் காட்டிய கணக்கு

1970இல் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டு விலகிய இராமச்சந்திரன், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர்இயற்பியல் துறையைத் தோற்றுவித்தார். அக்காலத்தில் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். பல கோணங்களிலிருந்து எடுத்த ஊடுகதிர் நிழற்படங்களை இணைத்து உட்பகுதியின் முழு உருவத்தை மீட்டெடுக்கும் எளிய கணித முறை ஒன்றை ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து 1971இல் வெளியிட்டார். கணினி மிக விரைவாகச் செய்து முடிக்கத்தக்க முறை அது. சென்னை, புதுச்சேரி எனப் பெருமருத்துவமனைகள் உள்ள இடமெல்லாம் இன்று பயன்படும் சி.டி. ஸ்கேன் கருவிகளின் கணக்கீட்டு வளர்ச்சியில் இம்முறைக்குச் சிறப்பான பங்குண்டு.

நிறைவுக்காலம்

1961இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருதும், 1977இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர் தகுதியும் அவரை வந்தடைந்தன. நோபல் பரிசு அவருக்கு வழங்கப்படவில்லை. அவர் தேடலும் பரிசோடு முடிவதாக இல்லை. முதுமையில் கணிதத்தையும் தருக்கவியலையும் இணைத்து, இந்திய மெய்யியலின் தருக்க முறைகளைக் கணித வடிவில் அமைக்க முயன்றார். இசையிலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது.

இறுதி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோய் அவரை வாட்டியது. வாழ்க்கைத்துணை இராஜலட்சுமி 1998இல் மறைந்தது பேரிழப்பாயிற்று. 1999இல் உலகப் படிகவியல் ஒன்றியம் தன் உயரிய எவால்டு பரிசை அவருக்கு அளித்துச் சிறப்பித்தது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் இராமச்சந்திரன் இயற்கை எய்தினார்.

கருவியின் பெருமையைவிட வினாவின் கூர்மையே ஆய்வுக்கு உயிர் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. மறுப்பு வந்தபோது அதைப் பகையாக எண்ணாமல் பாடமாக எண்ணினார். அதன் பயனாக உலகுக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. தமிழ்நாட்டின் கல்லூரி ஒன்றில் பயின்று, தமிழ்நாட்டின் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்தவாறே அவர் செய்த அருஞ்செயல், இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர் எவருக்கும் எட்டாத தொலைவில் இல்லை.

கற்பவை கற்றபின்...

1. இரண்டு அட்டைகளையும் ஒரு மணியையும் கொண்டு பாடத்தில் கூறியவாறு மாதிரி ஒன்றைச் செய்து, அட்டைகள் இடித்துக்கொள்ளும் நிலைகளையும் இடிக்காத நிலைகளையும் அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் கருத்துக்கு ஒருவர் மறுப்புத் தெரிவித்தபோது நீங்கள் அதை எவ்வாறு எதிர்கொண்டீர்கள்? இராமச்சந்திரனின் அணுகுமுறையுடன் ஒப்பிட்டு வகுப்பில் பேசுக.

3. செய்யுளுக்கு யாப்பிலக்கணம் போலப் புரதத்திற்கு இராமச்சந்திரன் வரைபடம் – இவ்வுவமையின் பொருத்தத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.